விட்டுப்போன மூன்று புள்ளிகள்

பிப்ரவரி 3, திங்கள்

எம்.ஃபில். செய்ய வந்த பிரிசில்லாவுக்கு வரைபடத்தில் இரண்டு முறிவும் வந்துவிட்டது. ஐந்தே வாரத்தில். எனக்கு எட்டு மாதம் ஆனது.

எங்கள் கைடு சார் அந்த வரைபடத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், மகள் வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேனைப் பார்ப்பதுபோல. “பிரமாதம்மா” என்றார். ஐந்து வருட ஆராய்ச்சியில் எனக்கு அவரிடம் கிடைத்த அதிகபட்சம், “சரி, வச்சிட்டுப் போ.”

கோவில்பட்டியிலிருந்து அம்மா போன வாரமும் போனில் கேட்டாள்: “சோப்புத் தண்ணியில அஞ்சு வருசமா என்னட்டி பண்ணுத?” அம்மா இந்த டைரியைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் ஒருதரம் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரை வெறுக்கும் வால் ஒன்று. கொஞ்சமாகப் போட்டால் தண்ணீரின் மேல்பரப்பில் போய் நிற்கும். ஓர் அளவைத் தாண்டினால் வாலெல்லாம் உள்ளே, தலையெல்லாம் வெளியே என்று உருண்டை உருண்டையாகக் கூடிவிடும். ஆனால் அதே தண்ணீரில் நீளச் சங்கிலியாய் ஒரு பாலிமர் கரைந்திருந்தால், அந்த அளவு வருவதற்கு வெகு முன்பே சோப்பு அதன்மேல் கொத்துக் கொத்தாக ஒட்டத் தொடங்கிவிடும். வரைபடத்தில் அங்கே ஒரு முறிவு. பாலிமரில் இனி இடமில்லை என்று ஆகும்போது இன்னொரு முறிவு. இந்த இரண்டு முறிவுக்கும் நடுவில்தான் என் இருபத்தாறு வயதிலிருந்து முப்பத்தொன்று வரை போயிருக்கிறது.

மார்ச் 6 அன்று புதுச்சேரியிலிருந்து ஷாம்பு கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். பாலிமரில் சோப்பு ஒட்டிக்கொண்டால் தனியாகத் திரியும் சோப்பு குறையும், குழந்தைகளுக்குக் கண் எரியாது. அந்த வேலைக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரே ஓர் ஆளை எடுப்பார்கள். அந்த இடத்தைப் பற்றி சார் இரண்டு வருடமாக என்னிடம் பேசிவந்தார். இன்று, “நீங்க ரெண்டு பேரும் ஆளுக்குக் கால்மணி நேரம் பேசுங்க, அவங்க பாத்து எடுத்துக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

ரெண்டு பேருமாம்.

பிப்ரவரி 5, புதன்

டிஸ்டில்டு வாட்டர் கேன் இன்றும் அவள் மேஜைக்குத்தான் முதலில் போனது. பால்வண்ணன் அண்ணன் எங்கள் ஆய்வக உதவியாளர், நான்கு வருடம் என் மேஜையில்தான் முதலில் வைத்தவர். கேட்டால், “அந்தப் பிள்ள மேஜ வாசப் பக்கத்துல இருக்குல்லாம்மா” என்கிறார். வாசல் என்ன நேற்று முளைத்ததா?

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் பாலிமர் கரைத்தேன். அது லேசில் கரையாது. உப்புமாவுக்கு ரவை தூவுவதுபோலச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் வெளியே கொழகொழவென்று ஊறி, உள்ளே மாவாகவே நிற்கும் கட்டிகள்தான் மிஞ்சும். வேகமாகக் கலக்கினால் சங்கிலி அறுந்துபோகும். மூன்று மணி நேரம் நின்றேன், முதுகு விட்டுப்போனது.

பதினொரு மணிக்கு பிரிசில்லா வந்தாள். “எக்கா, சுத்தம் செஞ்ச எஸ்.டி.எஸ். கொஞ்சம் கிடைக்குமா? நான் செஞ்சது தீந்துபோச்சு. கம்பெனிக்காரங்க வாறதுக்குள்ள எல்லாத்தையும் ஒரே சோப்புல மூணு தடவ எடுக்கணும்.”

எஸ்.டி.எஸ். என்பதுதான் நாங்கள் பயன்படுத்தும் சோப்பு. கடையிலிருந்து வருவதை அப்படியே போட முடியாது. சூடான எத்தனாலில் கரைத்து, ஆறவைத்து, திரும்பப் படிகமாக்கி எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. அலமாரியின் மேல்தட்டில் என் பழைய பாட்டில் இருந்தது. “இருமுறை மறுபடிகம் – செ.வ.” என்று என் கையெழுத்தில் லேபிள், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. போன மாதம் செய்த புதியது என் டிராயரில் இருக்கிறது, ஆனால் அது எனக்கே போதாது. அவள் பழையதை எடுத்துக்கொண்டாள். முன்னால் இருப்பதைத்தானே யாரும் எடுப்பார்கள்.

“எக்கா செஞ்சதுன்னா கண்ண மூடிட்டுப் போடலாம்” என்றாள்.

இந்த எக்கா எக்கா எனக்குப் பிடிக்கவில்லை. நான் அவளைவிட ஆறு வயதுதான் மூத்தவள். மார்த்தாண்டத்திலிருந்து வந்து இறங்கிய அன்றே தொடங்கிவிட்டாள். செண்பகவல்லி என்று எனக்கு நல்ல பெயர் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

பால்வண்ணன் அண்ணன் அலமாரி துடைத்தார். “அந்தப் பழைய பாட்டில எங்கம்மா காணும்? தூரப் போடணும் தூரப் போடணும்னு ரெண்டு தடவ சொன்னியளே” என்றார். சொன்னேனாம். எனக்கு நினைவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பிரிசில்லாவின் வரைபடத்தில் குழி விழுந்துவிட்டது!

பிளாட்டின வளையத்தைக் கரைசலில் தொட்டு இழுத்தால் பரப்பு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று கருவி சொல்லும். வெறும் சோப்புக்கு, அளவு கூடக் கூட அந்த எண் சீராக இறங்கி, எட்டு மில்லிமோல் பக்கத்தில் திரும்பி, அப்புறம் தரையாகப் போக வேண்டும். அவளுடையது திரும்புவதற்கு முன் பள்ளத்தில் இறங்கி, மேலே ஏறி, பிறகுதான் தரைக்கு வந்தது. வெறும் சோப்பின் கோடே கோணல் என்றால் அதன்மேல் கட்டுகிற எதையும் கம்பெனிக்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அவள் முகம் சுருங்கிப்போனது. “குழி வந்தா சோப்புல டோடெக்கனால் அழுக்கு கலந்திருக்குன்னுதான் புக்குல போட்டிருக்கு. ஆனா இது எக்கா செஞ்சது. எக்கா பேப்பர்லயும் இதே சோப்புதான், குழியே இல்ல. அப்போ என் கைதான் சரியில்ல.”

“வளையத்த நல்லாச் சுட்டியா? விரல் பட்டிருக்கும்” என்றேன். அவள் உடனே பர்னரைப் பற்றவைத்தாள்.

வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. மெஸ்ஸில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

அத்தனை கண்ணாடிச் சாமான்களையும் அவள் முதலிலிருந்து கழுவியிருக்கிறாள். நாற்பத்திரண்டு குடுவை. கை வெளுத்து விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. அந்த வழியாகப் போன சார் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “இப்படி இருக்கணும்மா வேலைன்னா” என்றார்.

குழி விழுந்தவளுக்கும் பாராட்டு. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிப்ரவரி 14, வெள்ளி

அவள் அம்மா ஊரிலிருந்து முந்திரிக்கொத்து அனுப்பியிருக்கிறார். எல்லாருக்கும் ஒரு டப்பா. எனக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம், மேலே பேனாவால் “எக்காவுக்கு” என்று எழுதி. “எக்காதான் எல்லாம் சொல்லித் தாறாங்கன்னு வீட்டுல சொல்லியிருக்கேன்” என்றாள்.

பதினொன்று இருந்தது. நான்கு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

சார், பால்வண்ணன் அண்ணன், மெஸ்ஸில் சட்னி ஊற்றுகிறவர் வரை எல்லாரும் அவளோடு போய் ஒட்டிக்கொண்டார்கள். ஐந்து வருடமாக இருப்பவள் நான் தனியாகத் திரிகிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று கேட்டாள். “எக்கா, உங்க தீசிஸ் மூணாம் அத்தியாயத்தோட டேட்டா நோட்ட ஒரு தடவ பாக்கலாமா? நீங்க எந்தெந்த அளவுல புள்ளி எடுத்தீங்கன்னு தெரிஞ்சா அப்படியே நானும் எடுத்துப் பாப்பேன். அதே பாட்டில், அதே கருவி. எனக்கு மட்டும் ஏன் வருதுன்னு புரியல.”

நோட்டு கோவில்பட்டியில் இருக்கிறது, அம்மா பரணில் போட்டிருப்பாள் என்றேன். “பரவால்ல எக்கா, ஊருக்குப் போகும்போது எடுத்துட்டு வாங்க” என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கோவில்பட்டியில் இல்லை. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எழுதிவிடுகிறேன், வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் லேபிளை முதலில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம். வேலை முடிந்து ஈரக்கையோடு எழுதினால் மை கலைந்துபோகும் என்று யாரோ ஒரு காலத்தில் வைத்த வழக்கம். அன்றும் “இருமுறை மறுபடிகம்” என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். ஒருமுறை முடிந்தது. எத்தனால் தீர்ந்துவிட்டது. மறுநாள் தங்கைக்கு நிச்சயதார்த்தம், நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வந்து இரண்டாவது முறை செய்துகொள்ளலாம் என்று பாட்டிலில் போட்டு மூடினேன்.

வந்த பிறகு லேபிள் “இருமுறை” என்று சொன்னது. நானும் அதையே நம்பிக்கொண்டேன்.

வரைபடம் எடுத்தபோது ஆறு, ஆறரை, ஏழு மில்லிமோலில் எண்கள் கீழே போயின. குழி. மூன்றே மூன்று புள்ளிகள்தான். கை நடுக்கமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு அந்த மூன்றையும் பென்சிலால் சுழித்துவிட்டேன். மீதிப் புள்ளிகளைச் சேர்த்தால் கோடு அழகாக வந்தது. அந்தக் கோடுதான் ஆராய்ச்சிப் பேப்பரில் அச்சானது, அதுதான் என் மூன்றாம் அத்தியாயம். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பிரிசில்லா தன் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தத் துறையில் எல்லாரும் ஒன்றிரண்டு புள்ளியை விடத்தான் செய்வார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

சார் அறைக் கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. உள்ளே பிரிசில்லா பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆறு தடவ எடுத்தாச்சு சார். ஆறு தடவயும் குழிதான். அதை விட்டுட்டு மத்த புள்ளிய மட்டும் காட்ட எனக்கு மனசு வரல்ல. கம்பெனிக்காரங்க முன்னால நான் பேசல்ல சார். எக்கா பேசட்டும்.”

“சோப்புல கோளாறு இருக்குமாம்மா?”

“எக்கா சுத்தம் செஞ்சது சார். அதுல கோளாறு வர வழியே இல்ல.”

பிறகு சார் என்னைக் கூப்பிட்டு, 6-ஆம் தேதி நான் மட்டும் பேசினால் போதும் என்றார். வேறு ஏதோவும் கேட்டார், பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆக, இடம் எனக்குத்தான். நினைத்தது நடந்துவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

பேச்சுக்கான ஸ்லைடு செய்ய உட்கார்ந்தேன். முதல் ஸ்லைடே மூன்றாம் அத்தியாயத்தின் கோடு. அதைத் திறந்தேன், மூடினேன், திறந்தேன்.

பால்வண்ணன் அண்ணன் வந்து, “அந்தப் பிள்ள மாடிப்படியில உக்காந்து அழுதுட்டுப் போச்சும்மா. என்னன்னு கேளுங்க” என்றார்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. என் இரண்டாம் வருடத்தில் நானும் அதே படியில் உட்கார்ந்து அழுதேன், இவர் துடைப்பத்தோடு தாண்டிப் போனார் என்பதுதான் முதலில் வந்தது. இப்படிப்பட்டவளாக எப்போது ஆனேன்?

மார்ச் 3, திங்கள்

பிரிசில்லா ஊருக்குப் போயிருக்கிறாள். அவள் மேஜையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்தேன். வளையத்தை நானே சுட்டேன், குடுவையை நானே கழுவினேன், என் கையாலேயே பதினெட்டுப் புள்ளிகள் எடுத்தேன்.

ஆறில் இறங்கியது. ஆறரையில் இன்னும் இறங்கியது. ஏழில் ஏற ஆரம்பித்தது. மூன்று வருட வெக்கையிலும் ஈரத்திலும் சோப்பு சிதைந்திருந்ததால் குழி அப்போதைவிட ஆழம்.

மதியம் என் டிராயரில் இருந்த புதிய சோப்பில் எடுத்தேன். குழி இல்லை. இரண்டையும் ஒரே தாளில் வரைந்தேன். அதே ஆள், அதே கை.

பிறகு பாலிமரோடும் பழையதைப் போட்டுப் பார்த்தேன். அந்த டோடெக்கனால், பாலிமர்மேல் கூடும் கொத்துகளுக்குள்ளும் புகுந்துகொள்கிறது. முதல் முறிவையே முன்னால் இழுத்துவிட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு எண்கூட நிற்காது. மறுபடி எல்லாவற்றையும் எடுக்க ஆறு மாதம் ஆகும்.

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு அந்தத் தாளையும் பழைய நோட்டையும் சார் மேஜையில் வைத்தேன். லேபிளைச் சொன்னேன். மூன்று புள்ளிகளைச் சொன்னேன்.

சார் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பென்சில் சுழிப்பின்மேல் விரலை வைத்தார். “இந்தப் பேப்பர்ல என் பேரும் இருக்கும்மா” என்றார். பிறகு, “தப்பைத் திருத்தி பத்திரிகைக்கு எழுதணும். கடிதத்த நீயே எழுதிக் கொண்டா. 6-ஆம் தேதி அந்தப் பொண்ணு பேசட்டும். உன் புதுச் சோப்பைக் குடு, நாளைக்குள்ள எடுத்துருவா” என்றார்.

அந்த இடத்துக்கு என் பெயரைச் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

ஊரிலிருந்து காலை பஸ்ஸில் நேரே ஆய்வகத்துக்கு வந்தாள் பிரிசில்லா. சார் முந்தின நாளே போனில் சொல்லியிருக்கிறார். பை தோளில் இருக்கும்போதே என் முன்னால் வந்து நின்றாள். கோபத்தில் நாலு வார்த்தை கேட்பாள் என்று தயாராக இருந்தேன்.

“என் கையில தப்பில்லயா?”

“இல்ல.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தப் பாட்டில நான் எடுக்கும்போது உங்களுக்குத் தெரியுமா?”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். அவள் என்னை எதற்கும் நம்புகிறவள்.

“தெரியும்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். உரிந்து ஆறிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் புதுச் சோப்பை வாங்கிக்கொண்டு போய் வேலையை ஆரம்பித்தாள். பன்னிரண்டு மணிக்குக் கோடு ஒழுங்காக வந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு முறிவும் வந்துவிட்டன. பால்வண்ணன் அண்ணன் கைதட்டினார். நான் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, வியாழன்

நன்றாகப் பேசினாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். குழி விழுந்த ஆறு வரைபடங்களையும் காட்டினாள், சோப்பு அசுத்தமாக இருந்தது என்றாள். யாருடைய சோப்பு என்று சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

பிரிசில்லாவை எடுத்துக்கொண்டார்கள். அவள் இதுவரை எடுத்ததை வைத்து எம்.ஃபில். பட்டத்துக்கு எழுதி முடித்துவிட்டு ஜூன் முதல் தேதி சேர வேண்டும்.

வயிறு எரிகிறது. உண்மையை ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும் என்று சொல்கிறவர்கள் யாரும் ஐந்து வருடம் பாலிமர் கரைத்ததில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

பத்திரிகைக்குக் கடிதம் எழுதி முடித்தேன். விட்டுப்போன மூன்று புள்ளிகளையும் சேர்த்துப் புது வரைபடம் வைத்திருக்கிறேன். இந்த டைரியிலும் மூன்று விட்டுப்போயிருக்கின்றன. அவற்றையும் போட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 7: பாட்டில் முன்னால் இருக்கவில்லை. தட்டின் பின்பக்கம் மூலையில் இருந்தது. அவள் சோப்பு கேட்கப் போகிறாள் என்று முந்தின நாளே காதில் விழுந்ததால் காலையில் நான்தான் முன்னால் நகர்த்தி வைத்தேன். டிராயரைப் பூட்டினேன்.

பிப்ரவரி 11: “பழசானா கெட்டுப்போகுமா எக்கா?” என்று கேட்டாள். தூளாக இருந்தால் ஒன்றும் ஆகாது என்றேன்.

பிப்ரவரி 24: “உன் பாட்டில்ல ஏதும் பிரச்சினை இருக்குமாம்மா? அந்தப் பொண்ணு பாவம்” என்று சார் கேட்டார். இருக்காது சார் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

டிஸ்டில்டு வாட்டர் கேன் முதலில் என் மேஜைக்கு வந்தது. பிரிசில்லா சொல்லியிருப்பாள் போல.

பதினொரு மணிக்கு அவள் வந்தாள். அன்று வந்ததுபோலவே, அதே இடத்தில் நின்றாள்.

“மேடம், எஸ்.டி.எஸ். கொஞ்சம் கிடைக்குமா? தீந்துபோச்சு.”

மேடம். நான் டிராயரைத் திறந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். லேபிளை இந்தத் தடவை வேலை முடிந்த பிறகுதான் எழுதினேன், மை கொஞ்சம் கலைந்திருக்கிறது. அவள் அதைப் படித்தாள்.

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

“தேங்க்ஸ் மேடம்” என்று வாங்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள். சோப்பு முழுவதையும் ஒரு பீக்கரில் கொட்டினாள். எத்தனாலை அளந்து ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, முதலிலிருந்து படிகமாக்க ஆரம்பித்தாள்.